அழைத்தால் வரலாம்: குழந்தைகள் நலக் குழுவின் முன் பெற்றோரின் உரிமைகள்

குழந்தைகள் நலக் குழு கூடும் இடம் நீதிமன்றம்போல் தோன்றக் கூடாது என்று விதியே சொல்கிறது. உயர்ந்த மேடை கிடையாது, சாட்சிக் கூண்டு கிடையாது. பெரும்பாலும் ஒரு குழந்தைகள் இல்லத்தின் வளாகத்திலோ அதற்குப் பக்கத்திலோ ஓர் அறை, ஒரு மேசை, அதைச் சுற்றித் தலைவரும் உறுப்பினர்களும். மிரண்டு வரும் பிள்ளை மேலும் மிரண்டுவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் செய்த ஏற்பாடு இது. ஆனால் அந்த அறைக்குள் பிள்ளையின் தாயோ தகப்பனோ நுழையும்போது அதே ஏற்பாடு வேறு விதமாக வேலை செய்கிறது. ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கப் போன அலுவலகம் மாதிரிதான் அவர்களுக்கு இதுவும் தெரியும். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லி, காட்டிய இடத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துவிட்டு வெளியே வருவார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு முதல் வகுப்பு நீதித்துறை நடுவரின் அதிகாரம் உண்டு என்பதும், சற்றுமுன் நடந்தது ஒரு விசாரணை என்பதும், அதன் முடிவில் தங்கள் பிள்ளை வீட்டுக்கு வராமலே போகலாம் என்பதும் அவர்களுக்குப் பிறகுதான் உறைக்கும். ‘கமிட்டியில சொல்லிட்டாங்க, ஹோம்ல விட்டுட்டாங்க’ என்பதற்கு மேல் அவர்களால் விவரம் சொல்ல முடியாது.

இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது. பிள்ளையை அரசு எடுத்துக்கொள்ளும்போது பெற்றவர்களுக்குச் சட்டத்தில் என்ன இடம் இருக்கிறது?

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிட வேண்டும். பெற்றோர் உரிமை என்றதும் நம் மனத்தில் வருவது விவாகரத்தும் குடும்ப நீதிமன்றமும்தான். பிள்ளை அம்மாவிடமா அப்பாவிடமா என்ற அந்த வழக்கில் நம் நீதிமன்றங்கள் வெகுதூரம் வந்திருக்கின்றன. தகப்பன் உயிரோடிருக்கும்போதே தாயும் இயற்கைப் பாதுகாவலராக இருக்கலாம் என்று 1999இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழி திறந்தது. மணமாகாத தாய் பாதுகாவலராக விண்ணப்பிக்கும்போது தந்தைக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டிய கட்டாயமில்லை என்று 2015இல் சொன்னது. அங்கே இரண்டு பெற்றோர், இரண்டு வழக்கறிஞர்கள், நடுவில் நீதிபதி. குழந்தைகள் நலக் குழுவின் முன் நடப்பது அப்படியல்ல. அங்கே ஒரு பக்கம் அரசு, மறுபக்கம் பெற்றோர். பெரும்பாலும் ஏழைப் பெற்றோர், பெரும்பாலும் தனியாக.

இந்தக் குழுவை அமைக்கும் இளைஞர் நீதிச் சட்டத்தின் பரம்பரை நீண்டது. சென்னை மாகாணம் 1920இலேயே குழந்தைகள் சட்டம் இயற்றியது. இந்தியாவில் இவ்வகைச் சட்டங்களில் அது முன்னோடி. அதன்பின் 1960இல் ஒன்றியப் பகுதிகளுக்கான குழந்தைகள் சட்டம், 1986இல் நாடு முழுமைக்குமான இளைஞர் நீதிச் சட்டம், 2000இல் புதிய சட்டம், இன்று நடைமுறையில் இருக்கும் 2015ஆம் ஆண்டுச் சட்டம், அதற்கு 2021இல் ஒரு திருத்தம். 1986ஆம் ஆண்டுச் சட்டம் வரை ‘புறக்கணிக்கப்பட்ட’ சிறார் என்றிருந்த சொல் 2000இல் ‘பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை’ என்று மாறியது. பழைய சொல்லில் பெற்றோர்மீது ஒரு குற்றச்சாட்டு ஒளிந்திருந்தது. புதிய சொல் பிள்ளையின் தேவையைப் பேசுகிறது. இது நல்ல மாற்றம். ஆனால் குற்றச்சாட்டு மறையும்போது அதற்குப் பதில் சொல்லும் உரிமையும் சேர்ந்து மங்கிவிடுகிறது. ‘உங்கள்மேல் குற்றம் ஒன்றுமில்லை, பிள்ளை நலனுக்காகத்தான்’ என்று சொல்பவரிடம் ஒரு தாய் எதை எதிர்த்து வாதாடுவாள்?

2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு பதினாறு கோட்பாடுகளை வகுக்கிறது. பிள்ளையை வளர்க்கும் முதற்பொறுப்பு குடும்பத்தினுடையது என்பது அவற்றில் ஒன்று. இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. பதினாறாவது கோட்பாடு இயற்கை நீதி: நேர்மையான விசாரணை, பாரபட்சமின்மை, மறுபரிசீலனை. நாற்பதாம் பிரிவு இன்னும் தெளிவாக, பிள்ளையைக் குடும்பத்திடம் மீட்டுக் கொடுப்பதே எல்லா இல்லங்களின் முதன்மை நோக்கம் என்கிறது. இதுவரை படித்தால் இது குடும்பத்தின் பக்கம் நிற்கும் சட்டம் என்றே தோன்றும். நோக்கத்தில் அப்படித்தான்.

நடைமுறைப் பிரிவுகளுக்கு வரும்போதுதான் இடறுகிறது. யார் பராமரிப்பு தேவைப்படும் குழந்தை என்று விளக்கும் இடத்தில், பெற்றோர் இருந்தும் அவர்கள் ‘தகுதியற்றவர்’ அல்லது இயலாதவர் என்று குழு கண்டால் அந்தப் பிள்ளையும் இதில் அடங்கும் என்கிறது சட்டம். தகுதியற்றவர் என்றால் யார்? இரண்டாம் பிரிவில் அறுபதுக்குக் குறையாத வரையறைகள் உள்ளன. பிள்ளையை ஏற்கும் ‘தகுதியான நபர்’ யார் என்பதற்கு வரையறை உண்டு. ‘தகுதியான நிறுவனம்’ எது என்பதற்கும் உண்டு. தகுதியற்ற பெற்றோர் யார் என்பதற்கு மட்டும் இல்லை. எந்த அளவு சான்று இருந்தால் ஒருவரைத் தகுதியற்றவர் என்று முடிவு கட்டலாம் என்பதும் சொல்லப்படவில்லை. குழுவில் தலைவரும் நான்கு உறுப்பினர்களும். அவர்கள் உளவியல், சமூகப்பணி, சட்டம் போன்ற துறைகளில் பட்டம் பெற்று, குழந்தைகளின் உடல்நலம், கல்வி, நலப்பணியில் ஏழாண்டு ஈடுபட்டவர்களாகவோ அத்தகைய பட்டத்தோடு தொழில் செய்பவர்களாகவோ இருப்பார்கள். ஐவரில் ஒருவர்கூடச் சட்டம் படித்தவராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இறுதி முடிவின்போது குறைந்தது மூவர் இருந்தால் போதும். அந்த மூவரின் மனத்தில் நல்ல பெற்றோர் என்றால் எந்த வீட்டின் படம் இருக்கிறதோ அதுவே அளவுகோலாகிவிடும் அபாயம் இங்கே இருக்கிறது.

வரையறை இல்லாத இடத்தில் நடைமுறை காக்க வேண்டும். தொண்ணூறாம் பிரிவைப் பாருங்கள். பிள்ளை குழுவின் முன் கொண்டுவரப்படும்போது, குழு தேவை என்று கருதினால் பெற்றோரை ஆஜராகச் சொல்லலாம் என்கிறது அது. பெற்றோர் வருவது குழுவின் அதிகாரமாக எழுதப்பட்டிருக்கிறதே தவிர, பெற்றோரின் உரிமையாக எழுதப்படவில்லை. அழைத்தால் வரலாம், வர வேண்டும். அழைக்காவிட்டால் என்ன என்பதற்குப் பிரிவில் பதில் இல்லை.

அடுத்தது தொண்ணூற்றொன்பதாம் பிரிவு. என் பார்வையில் பெற்றோருக்கு மிகப் பெரிய தடை இதுதான். பிள்ளையின் வீட்டுக்குப் போய், அக்கம்பக்கத்தில் கேட்டு, ஒரு சமூகப் பணியாளரோ குழந்தை நல அலுவலரோ சமூக விசாரணை அறிக்கை தருகிறார். பதினைந்து நாளுக்குள் தர வேண்டும். முதன்முதலில் பிள்ளை கொண்டுவரப்பட்ட நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் குழு இறுதி ஆணை பிறப்பிக்க வேண்டும். அந்த ஆணைக்கு அடித்தளமே இந்த அறிக்கைதான். ‘தகப்பன் குடிப்பவர்’, ‘தாய் பகலில் வீட்டில் இருப்பதில்லை’, ‘ஒரே அறை, கழிப்பறை இல்லை’ என்பதெல்லாம் இதில்தான் ஏறும். இந்த அறிக்கையைத்தான் தொண்ணூற்றொன்பதாம் பிரிவு இரகசியம் என்கிறது. குழு தேவை என்று கருதினால், அதன் சாரத்தை மட்டும் பெற்றோருக்குச் சொல்லலாம். மறுத்துச் சான்று காட்ட வாய்ப்பும் தரலாம். இங்கும் ‘தேவை என்று கருதினால்’. தகப்பன் குடியை விட்டு ஓராண்டு ஆகியிருக்கலாம். தாய் பகலில் இல்லாதபோது பாட்டி இருக்கலாம். எழுதப்பட்டிருப்பது என்னவென்று தெரியாதவர் அதை எப்படி மறுப்பார்?

அறிக்கையை மூடிவைக்கக் காரணமே இல்லை என்று சொல்லமாட்டேன். பிள்ளை தன் வாயால் சொன்னது அதில் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் பயந்து பயந்து சொன்னது இருக்கும். தகப்பனே பாலியல் கொடுமை செய்த வழக்கில் அந்தத் தாளை அவர் கையில் கொடுப்பது பிள்ளையை மறுபடி அவர் கையில் கொடுப்பதற்குச் சமம். ஆனால் இதே சிக்கலை இன்னொரு நாடு நேருக்கு நேர் சந்தித்திருக்கிறது. ஸ்காட்லாந்தில் குழந்தைகள் விசாரணை மன்றம் என்று ஓர் ஏற்பாடு உண்டு. நம் குழுவைப் போலவே நீதிபதிகள் இல்லாத, மேசையைச் சுற்றி அமர்ந்து பேசும் அமைப்பு. அங்கே சமூக அறிக்கைகளைப் பெற்றோரிடம் காட்டாமல் முடிவெடுத்ததை எதிர்த்து ஒரு தம்பதி ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். 1995இல் மெக்மைக்கேல் வழக்கில் அந்த நீதிமன்றம், எளிமையான மன்றம் என்பது ஆவணத்தை மறைக்கக் காரணமாகாது, அது நேர்மையான விசாரணைக்கும் குடும்ப வாழ்வுக்கான உரிமைக்கும் எதிரானது என்று தீர்ப்பளித்தது. பிறகு அங்கே விதிகள் மாறின; பெற்றோருக்கும் ஆவணங்கள் தரப்படுகின்றன. பிள்ளைக்கு ஆபத்து தரும் பகுதியை மட்டும் காரணம் எழுதி நிறுத்திவைத்து, மீதியைத் தருவது முடியாத காரியம் இல்லை. நம் தொண்ணூற்றொன்பதாம் பிரிவு விதியாகக் கொண்டிருப்பதை விதிவிலக்காக்கினால் போதும்.

நம் நாட்டுக்குள்ளேயே இதற்கு ஆதாரம் இருக்கிறது. ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992 டிசம்பரில் ஏற்றுக்கொண்டது. அதன் ஒன்பதாம் உறுப்பு, பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கும் நடவடிக்கையில் தொடர்புடைய அனைவருக்கும் பங்கேற்கவும் தங்கள் கருத்தைச் சொல்லவும் வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது. அந்த முடிவு நீதித்துறை மறுஆய்வுக்கு உட்பட வேண்டும் என்றும் சொல்கிறது. 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் முன்னுரையே இந்த உடன்படிக்கையைத்தான் தன் தாயாகச் சொல்லிக்கொள்கிறது. மூன்றாம் பிரிவின் இயற்கை நீதிக் கோட்பாட்டையும் சேர்த்துப் படித்தால், ‘தேவை என்று கருதினால்’ என்பது குழுவின் விருப்பம் அல்ல, தக்க காரணமின்றி மறுக்க முடியாத கடமை என்று வாதிட நல்ல இடம் இருக்கிறது. வாதிட ஆள் வேண்டும். அங்கேதான் வழக்கறிஞர் பேச்சு வருகிறது.

குழுவின் முன் வழக்கறிஞர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நல்லவர்களே கேட்கிறார்கள். வக்கீல் வந்தால் குறுக்கு விசாரணை, வாய்தா என்று பிள்ளை விவகாரம் இழுபடும் என்ற அச்சம் அவர்களுக்கு. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் ஏறக்குறைய இப்படித்தான் தயங்கியது. 1981இல் லாசிட்டர் வழக்கில், சிறையிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு தாய் வழக்கறிஞர் இல்லாமல் தானே தட்டுத்தடுமாறிப் பேசித் தன் மகன்மீதான உரிமையை இழந்திருந்தார். பெற்றோர் உரிமையை அடியோடு பறிக்கும் வழக்கில்கூட வழக்கறிஞர் தருவது எல்லா நேரமும் கட்டாயமில்லை, வழக்கைப் பொறுத்தது என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அந்த நீதிமன்றம் முடிவு செய்தது. அடுத்த ஆண்டே சான்டோஸ்கி வழக்கில், அப்படி உரிமையைப் பறிக்கத் தெளிவான, உறுதியான சான்று வேண்டும் என்றது. சான்றின் அளவை உயர்த்திய நீதிமன்றம், அந்தச் சான்றைச் சோதிக்க ஆளைத் தரவில்லை. பின்னாளில் அங்கே பெரும்பாலான மாநிலங்கள் தாங்களாகவே சட்டம் இயற்றி அந்த ஓட்டையை அடைத்தன. இங்கிலாந்து இன்னும் தெளிவானது. பிள்ளையை அரசுப் பராமரிப்பில் எடுக்கும் வழக்கில், பெற்றோரின் வருமானத்தையும் பார்ப்பதில்லை, வழக்கு வெல்லுமா என்றும் பார்ப்பதில்லை. இலவச வழக்கறிஞர் உண்டு. இருபத்தாறு வாரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 2014இல் சட்டமும் செய்தார்கள். வக்கீல் வந்தால் இழுபடும் என்பது தவிர்க்க முடியாத விதி இல்லை என்பதற்கு இது போதும்.

நம் ஊரில் இதற்குப் புதுச் சட்டமே தேவையில்லை என்பதுதான் வியப்பு. சட்டப் பணிகள் அதிகாரச் சட்டம், 1987, பன்னிரண்டாம் பிரிவின்படி எந்தப் பெண்ணுக்கும் எந்தக் குழந்தைக்கும் வருமான வரம்பில்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கும் உண்டு. மற்ற ஆண்களில் பெரும்பாலோருக்கு வருமான வரம்பு. அந்தச் சட்டத்தில் ‘நீதிமன்றம்’ என்ற சொல்லுக்குத் தரப்பட்ட பொருள், நீதி வழங்கும் தன்மையுள்ள வேலையைச் செய்யும் எந்தத் தீர்ப்பாயத்தையும் அதிகார அமைப்பையும் உள்ளடக்கியது. குழந்தைகள் நலக் குழு அதில் அடங்கும். சாட்சியம் பெற அதிகாரமுள்ள எந்த அமைப்பின் முன்பும் வழக்கறிஞர் தொழில் செய்யலாம் என்ற வழக்கறிஞர்கள் சட்டத்தின் முப்பதாம் பிரிவும் 2011இல் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆகவே கமிட்டி அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் எந்தத் தாய்க்கும் இந்த நிமிடமே இலவசமாக ஒரு வழக்கறிஞரைக் கேட்கும் உரிமை இருக்கிறது. பல ஊர்களில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு நீதிமன்ற வளாகத்தில், ஒரு பஸ் பயணத் தூரத்தில் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் இல்லாதது அதை அவளிடம் சொல்லும் ஒரு வாய்.

மேல்முறையீட்டின் கதையும் இதுதான். குழுவின் ஆணையை எதிர்த்து முப்பது நாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்கிறது நூற்றோராம் பிரிவு. தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் அதற்குப் பின்னும் ஏற்கலாம். உயர் நீதிமன்றத்துக்குச் சீராய்வு அதிகாரம் உண்டு. ஆனால் ஆணையின் நகல் கைக்கு வராதவருக்கு, அது ஆணை என்றே தெரியாதவருக்கு, முப்பது நாள் எந்த நாளில் தொடங்குகிறது? சிலர் ஆட்கொணர்வு மனுவோடு நேரே உயர் நீதிமன்றத்துக்கு ஓடுகிறார்கள். குழு ஆணையிட்டு இல்லத்தில் வைத்திருக்கும் பிள்ளை சட்டவிரோதக் காவலில் இல்லை, மேல்முறையீடு செய்யுங்கள் என்ற பதில் வரும்போது பல வாரங்கள் போயிருக்கும்.

நாட்கள் போவது வேறு எந்த வழக்கிலும் இவ்வளவு வலிப்பதில்லை. கைக்குழந்தைக்கு நான்கு மாதம் என்பது அதன் ஆயுளில் பாதி. தத்துக் கொடுக்கும் வழியில் சட்டம் வைத்திருக்கும் கெடுக்களைப் பார்த்தால் இது புரியும். கைவிடப்பட்டதாகத் தோன்றும் குழந்தை இரண்டு வயதுக்கு உட்பட்டது என்றால் இரண்டு மாதத்தில், அதற்கு மேற்பட்டது என்றால் நான்கு மாதத்தில், தத்துக்குச் சட்டப்படி உரியது என்று குழு அறிவிக்கலாம். அதற்குமுன் பெற்றோரைத் தேட வேண்டும்; செய்தித்தாளில் படத்துடன் விளம்பரம் தர வேண்டும். எழுதப்படிக்கத் தெரியாத தாய் செய்தித்தாள் பார்த்துத் தன் பிள்ளையை அடையாளம் காண்பாள் என்று நம்புகிற விதி இது. பெற்றோரே மனமுவந்து ஒப்படைத்தால், பத்திரம் எழுதிய நாளிலிருந்து இரண்டு மாதம் மனம் மாற அவகாசம். அந்த இரண்டு மாதத்தில் குடும்பம் சேர்ந்திருக்க எல்லா முயற்சியும் எடுப்பது குழுவின் கடமை என்று முப்பதாம் பிரிவு சொல்கிறது. பச்சை உடம்புக்காரி ஒருத்திக்கு அறுபது நாள்.

கேரளத்தில் 2021இல் நடந்ததை இங்கே நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. 2020 அக்டோபரில் பிறந்த தன் ஆண் குழந்தையைத் தன் பெற்றோர் தனக்குத் தெரியாமல் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டார்கள் என்பது ஓர் இளம் தாயின் புகார். குழந்தை அரசுசார் நல அமைப்பு ஒன்றின் தொட்டிலுக்குப் போனது. தாய் காவல்துறையிடம் போனார், குழந்தைகள் நலக் குழுவிடமும் போனார். அவர் தேடிக்கொண்டிருக்கும்போதே குழந்தை தத்துக்கு உரியது என்று அறிவிக்கப்பட்டு, ஆந்திரத்தில் ஒரு தம்பதியிடம் தத்துக்கு முந்தைய பராமரிப்பில் தரப்பட்டது. அவர் தெருவில் உட்கார்ந்து போராடிய பிறகு, மரபணுச் சோதனை நடந்து, 2021 நவம்பரில் திருவனந்தபுரம் குடும்ப நீதிமன்றம் குழந்தையை அவர் கையில் கொடுத்தது. இதில் ஆந்திரத் தம்பதியின் வேதனையையும் மறக்கக் கூடாது. சட்டத்தை நம்பிப் பிள்ளையை வாங்கி, நெஞ்சோடு அணைத்து, திருப்பிக் கொடுத்தவர்கள் அவர்கள். பெற்ற தாயைக் கேட்காமல் விட்டது இரண்டு தாய்மாரை அழவைத்தது.

அதே ஆண்டு ஏப்ரலில் கேரள உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு இன்னொரு வழக்கைத் தீர்த்திருந்தது. மணம் செய்துகொள்ளாமல் சேர்ந்து வாழ்ந்த இருவர்; துணை தன்னைவிட்டுப் போய்விட்டார் என்று பயந்து தாய் குழந்தையை ஒப்படைத்தார்; பிறகு இருவரும் சேர்ந்து பிள்ளையைக் கேட்டார்கள். மணமாகாத தாய் என்று கருதிக் குழு அவர் ஒருவரின் கையெழுத்தை மட்டும் வாங்கியிருந்தது. பெற்றோரின் உரிமை இயற்கையானது, அது தாலியைப் பொறுத்தது அல்ல என்ற கருத்தில் நின்று, மணமான தம்பதிக்கான நடைமுறையையே பின்பற்றியிருக்க வேண்டும் என்று நீதிமன்றம் குழுவின் அறிவிப்பை ரத்து செய்தது. தகப்பனையும் கேட்க வேண்டும் என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன தீர்ப்பு நம் பக்கத்தில் குறைவு.

தமிழ்நாட்டுக்கு இதில் தனி நினைவுகள் உண்டு. பெண்சிசுக் கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பல உயிர்களைக் காத்தது. அந்தத் தொட்டிலில் பிள்ளையை வைத்துவிட்டுப் போன தாய் யார், அவள் விரும்பித்தான் வைத்தாளா, மாமியார் வைத்தாளா என்று அப்போது கேட்க நேரமில்லை. உயிரைக் காப்பது முந்திய வேலை. இன்னொரு நினைவு கசப்பானது. சென்னையின் குடிசைப் பகுதிகளில் 1990களின் பிற்பகுதியில் திருடப்பட்ட குழந்தைகள், பெற்றோர் ஒப்படைத்ததாகப் பொய்ப் பத்திரம் எழுதப்பட்டு வெளிநாட்டுக்குத் தத்துப் போனது 2005இல் வெளிவந்தது. வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறை வரை போனது. தெருவில் விளையாடிய பிள்ளையைத் தேடித் தேடி ஓய்ந்த தாயின் பெயரில் ‘மனமுவந்து ஒப்படைக்கிறேன்’ என்று ஒரு தாள் இருந்தது. ஒப்படைக்கிறவரைக் குழு நேரில் பார்த்துப் பேசி, ஆலோசனை தந்து, பத்திரம் எழுத வேண்டும் என்று இன்றைய சட்டம் வற்புறுத்துவதன் பின்னால் இப்படிப்பட்ட தாள்களின் வரலாறு இருக்கிறது.

இவையெல்லாம் ஓரத்து நிகழ்வுகள். நடுவில் இருப்பது வறுமை. மத்திய அரசு 2016-17இல் எடுத்த கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 9,589 குழந்தை இல்லங்கள் இருந்தன. அவற்றில் ஏறத்தாழ 3,70,000 குழந்தைகள். அனாதை இல்லம் என்று நாம் சொல்லிப் பழகிவிட்டாலும் அங்கிருக்கும் பிள்ளைகளில் பலருக்குத் தாயோ தகப்பனோ இருவருமோ இருக்கிறார்கள். 2020 செப்டம்பரில் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம், தமிழ்நாடு உள்ளிட்ட எட்டு மாநிலங்களிடம் இல்லங்களில் உள்ள பிள்ளைகளை நூறு நாளில் குடும்பத்திடம் திருப்பி அனுப்பச் சொன்னதே இதற்குச் சாட்சி. அவ்வளவு பேருக்குக் குடும்பம் இருந்தது! அப்படியானால் அவர்கள் ஏன் இல்லத்தில் இருந்தார்கள்? மூன்று வேளைச் சோறு, பள்ளிக்கூடம், சீருடை. இவற்றைத் தர முடியாத தாய் ‘இயலாதவர்’ ஆனார். அந்த நூறு நாள் உத்தரவும் எதிர்ப்பக்கத் தவறுதான். ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே பார்க்காமல், வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்காமல், கும்பலாகத் திருப்பி அனுப்புவது. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளின் படிப்புக்காக மாதம் 2,000 ரூபாய் தரும்படி மாநிலங்களுக்கு ஆணையிட்டது.

அந்த 2,000 ரூபாயில் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. பிள்ளையைக் குடும்பத்தோடு வைத்து வளர்க்க உதவும் நிதி ஆதரவு நாற்பத்தைந்தாம் பிரிவில் இருக்கிறது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் 2022 முதல் மாதம் 4,000 ரூபாய். முப்பத்தேழாம் பிரிவின்படி குழு பிறப்பிக்கக்கூடிய ஆணைகளில் நிதி ஆதரவும் ஒன்று. எனவே ‘உங்களால் வளர்க்க முடியாது’ என்று ஒரு பெற்றோரிடம் சொல்வதற்கு முன், ‘இந்த உதவி கிடைத்தால் முடியுமா?’ என்று குழு கேட்டாக வேண்டும். கேட்டதையும் கிடைத்த பதிலையும் ஆணையில் எழுத வேண்டும். வறுமை ஒன்றே பிள்ளையைப் பிரிக்கக் காரணமாகக் கூடாது என்று 2009ஆம் ஆண்டு ஐ.நா. வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. நம் சட்டமும் ஓரிடத்தில் இதை உணர்ந்திருக்கிறது: பிள்ளையைக் கைவிட்ட பெற்றோரைத் தண்டிக்கும் எழுபத்தைந்தாம் பிரிவில், தங்கள் கையை மீறிய சூழ்நிலையால் அப்படிச் செய்திருந்தால் அது வேண்டுமென்றே செய்ததாகாது என்ற விலக்கு உண்டு. தண்டிக்கும் இடத்தில் காட்டிய இந்தப் புரிதலைப் பிரிக்கும் இடத்திலும் காட்டியிருக்கலாம்.

மனவளர்ச்சிக் குறைபாடுள்ள பெற்றோரைப் பற்றிச் சட்டம் பேசும் முப்பத்தெட்டாம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு என்னை இன்னும் உறுத்துகிறது. அப்படிப்பட்டவர்களின் பிள்ளையைத் தத்துக்கு உரியதாக அறிவிக்கலாம் என்று, பழைய இழிசொல் ஒன்றைப் பயன்படுத்தி, அது சொல்கிறது. இந்தியா 2007இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் இருபத்துமூன்றாம் உறுப்பு, பெற்றோரின் குறைபாட்டைக் காரணமாகக் கொண்டு எந்த நிலையிலும் பிள்ளையைப் பிரிக்கக் கூடாது என்கிறது. இரண்டும் ஒன்றாக நிற்க முடியாது. அந்தத் தாய்க்குத் துணையாக ஒருவர் இருந்தால் வளர்ப்பாளா என்பதே முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும்.

வெளிநாட்டு அரசு நம் பிள்ளையை எடுத்தபோது நாம் இவையெல்லாவற்றையும் சட்டென்று புரிந்துகொண்டோம். 2011இல் நார்வேயின் ஸ்டாவாங்கர் நகரில் ஒரு வங்காளித் தம்பதியின் இரண்டு சின்னக் குழந்தைகளை அந்நாட்டுக் குழந்தை நலத்துறை எடுத்துக்கொண்டபோது நாடே பொங்கியது. கையால் ஊட்டியதும் கூடவே படுக்க வைத்ததும் குற்றமா என்று கேட்டோம். மொழி தெரியாத பெற்றோர், புரியாத நடைமுறை, தங்களைப் பற்றி யாரோ எழுதிய அறிக்கை. இது அநீதி என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நார்வேயின் வழக்கத்தை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 2019இல் ஸ்ட்ராண்ட் லோபன் வழக்கில் கண்டித்தது. வேறொரு தாயின் வழக்கு அது. தாயும் பிள்ளையும் மறுபடி சேர வேண்டும் என்ற நோக்கத்தையே அதிகாரிகள் தொடக்கத்தில் கைவிட்டுவிட்டார்கள், சந்திப்புகளை மிகவும் குறைத்தார்கள், பழைய மதிப்பீட்டையே நம்பி முடிவெடுத்தார்கள் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். வங்காளிக் குழந்தைகள் 2012இல் சிற்றப்பாவிடம் ஒப்படைக்கப்பட்டு இந்தியா வந்தனர். தாய்க்கு அப்போதும் பிள்ளைகள் கிடைக்கவில்லை. அவர் போய் நின்றது மேற்கு வங்கத்தில் பர்த்வான் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன். அந்தக் குழு அவரைக் கேட்டது, அவர் வளர்க்கத் தகுதியானவர் என்று முடிவு செய்தது. 2013 ஜனவரியில் கொல்கத்தா உயர் நீதிமன்ற ஆணையின் பேரில் பிள்ளைகள் அவரிடம் வந்தார்கள்.

அதே போன்ற ஒரு மேசைதான் நம் மாவட்டத்திலும் இருக்கிறது. அது பர்த்வானைப் போல நடந்துகொள்ள நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. மாநில அரசுக்கு விதி வகுக்கும் அதிகாரம் நூற்றுப்பத்தாம் பிரிவில் இருக்கிறது. ஒரு பக்கத் தாள் ஒன்று போதும். முதல் நாள் பெற்றோர் அறைக்குள் வந்ததும் அவர்கள் மொழியில் அவர்கள் கையில் தரப்பட வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டி, வாசித்தவர் தன் பெயரை எழுத வேண்டும். இது விசாரணை, பிள்ளை இங்கே வந்த காரணம் இது, அடுத்த அமர்வு இந்தத் தேதியில், உங்களைப் பற்றிய அறிக்கையில் உள்ளதை நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், சாட்சிக்கு ஆளைக் கூட்டி வரலாம், பிள்ளையை இந்த நாட்களில் வந்து பார்க்கலாம், நிதி ஆதரவுக்கு இன்றே எழுதித் தரலாம், ஆணையின் நகல் இலவசமாகத் தரப்படும், ஆணை பிறந்த நாளிலிருந்து மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் உங்களுக்கு இருக்கிறது என்று அதில் இருக்கட்டும். அடியில், பெரிய எழுத்தில், சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் அழைப்பு எண்: 15100.